மீட்பும் நிவாரணமும்
காவிரிப் படுகையில் திருச்சபையின் வெள்ளத் துயர்துடைப்புப் பணி: ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் மீட்பு என்னும் சொல் மூன்று இடங்களில் வழங்குகிறது. ஆலயத்தில் அது கிறிஸ்துவின் சிலுவைச் செயலைக் குறிக்கும். வெள்ள காலத்தில், நீர் சூழ்ந்த தெருக்களிலிருந்து மக்களைப் படகேற்றிக் கரைசேர்க்கும் பணியைக் குறிக்கும். தஞ்சைத் தரணியின் சிற்றூர்களில் இவ்விரண்டினும் அன்றாட வழக்காயுள்ள மூன்றாம் பொருள் ஒன்றும் அதற்கு உண்டு. அடகுக் கடையில் வைத்த தோட்டையும், ஒற்றிக்கு விட்ட நிலத்தையும் பணம் செலுத்தித் திரும்பப் பெறுவதே அம்மூன்றாம் பொருள்.

நம் திருச்சபைகளின் வெள்ளத் துயர்துடைப்புப் பணி முதற்பொருளைப் பிரசங்கத்தில் வைத்திருக்கிறது. இரண்டாம் பொருளைச் செயலில் காட்டியிருக்கிறது. மூன்றாம் பொருளை மறந்திருக்கிறது. அம்மறதியே இப்பணியின் பெருங்குறை என்பது நம் கருத்து. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இடுப்பளவு நீரில் அரிசி மூட்டை சுமந்த ஆயர்களையும் இளைஞர்களையும் குறைகூறுவது நம் எண்ணமன்று. அவர்கள் செய்தது நற்பணியே. ஆயினும் நற்பணியும் திறனாய்வுக்கு உட்பட்டதே. திறனாயப்படாத அன்பு காலப்போக்கில் வழக்கமாகி விடும். வழக்கமாகிவிட்ட அன்பு தான் யாரை விட்டுவிட்டது என்பதைக் காணாது.

1. வெள்ளம் எதனைக் கொண்டு செல்கிறது?

காவிரிப் படுகைக்கு வெள்ளம் இரு திசைகளிலிருந்து வருகிறது. ஒன்று, ஆடி, ஆவணித் திங்கள்களில் மேற்கிலிருந்து ஆற்றுவழியே வருவது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் இவ்வகையினது. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடமே மிகைநீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் வடிகால். 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்ற பின் இவ்வகை வெள்ளம் பெரும்பாலும் அடங்கியது. எனினும் 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் உடைந்ததை நாம் மறப்பதற்கில்லை.

மற்றொன்று, ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வருவது. வடகிழக்குப் பருவமழையும் வங்கக்கடற் புயலும் சேர்ந்து தட்டையான நிலத்தின்மீது நீரைக் கொட்டும். கடல்மட்டத்தைவிடச் சிறிதே உயர்ந்த கீழ்ப்பகுதியில் நீர் வடிய வழியின்றித் தேங்கும். பாசனத்துக்கும் வடிகாலுக்கும் பல இடங்களில் வாய்க்கால் ஒன்றே. அதில் வண்டலும் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டிக் கிடக்கும். முகத்துவாரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் நீர் உள்வாங்கப்படாது எதிர்த்துத் திரும்பும். ஆகவே இவ்வெள்ளம் வந்து போவதில்லை, வந்து தங்குகிறது. 1952 நவம்பர் 30, 1955 டிசம்பர் 1 ஆகிய நாள்களின் புயல்கள் முதியோர் நினைவில் நின்றவை. 1977 நவம்பர் 12 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்குத் தெற்கே கரைகடந்த புயலில் 560 பேர் மாண்டனர். பத்து இலட்சம் பேர் வீடிழந்தனர். 23,000 கால்நடைகள் மடிந்தன. சேதம் 155 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. நாகப்பட்டினமும் திருவாரூரும் அன்று தஞ்சாவூர் மாவட்டத்திற்குள்ளேயே இருந்தன. ஒரு கிழமை கழிந்து நவம்பர் 19இல் ஆந்திரத்தின் திவி சீமையைத் தாக்கிய புயலில் பல்லாயிரவர் மாண்டமையால், நாட்டின் கண் அங்கே திரும்பியது. 2008 நவம்பரில் வந்த நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் ஏறக்குறைய 66 சென்டிமீட்டர் மழை பெய்தது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது.

இவ்வெள்ளம் வரும் பருவத்தை நோக்குவோம். கார்த்திகையில் சம்பா தூர்கட்டி நிற்கும். தாளடி நடவு முடிந்து இளம்பயிராயிருக்கும். ஒரு கிழமைக்கு மேல் நீர் நின்றால் பயிர் அழுகும். பட்டாதாரர் பயிரை இழக்கிறார். வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவர் பயிரையும் இழந்து, குத்தகைக் கடனையும் சுமக்கிறார். கூலித் தொழிலாளர் இழப்பது என்ன? அவருக்குப் பயிர் இல்லை. ஆதலின் அவர் பயிரை இழக்கவில்லை என்று கணக்கு எழுதப்படுகிறது. உண்மையில் அவர் இழப்பது வேலை நாள்களை. களை பறிக்கும் நாள்கள் போயின. தை, மாசி அறுவடை நாள்களும் போயின. அறுவடை இயந்திரம் வந்தபின் அறுப்புக் கூலி ஏற்கெனவே சுருங்கிவிட்டமையால், எஞ்சிய களைக்கூலியே பெண்களுக்குப் பெருந்துணை. அதுவும் நீரில் போயிற்று. அடுத்த வேலை எப்பொழுது? மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்குப் பின்னரே. அதாவது கார்த்திகையில் வந்த வெள்ளம் கூலிக் குடும்பத்தின் அடுப்படியில் ஆனி வரை நிற்கிறது.

இந்த ஏழு மாதங்களைக் குடும்பம் எங்ஙனம் கடக்கிறது? முதலில் தோடு அடகுக்குப் போகும். பின்பு வெண்கலப் பானை. பின்பு நுண்கடன் நிறுவனத்தின் வாரத் தவணை. பின்பு, வரும் பருவத்துக் கூலியின்மேல் முன்பணம். ஆவணியில் அடகு வைத்ததைத் தையில் மீட்பது என்பது இவ்வூர்களின் ஆண்டுக் கணக்கு. வெள்ளம் வந்த ஆண்டில் தை வருகிறது, மீட்பு வருவதில்லை.

2. அறிக்கைகளின் மொழி

இனி, நம் துயர்துடைப்பு அறிக்கைகளை ஓர் இலக்கிய வகையாகக் கருதி வாசித்துப் பார்ப்போம். திருமண்டல இதழ்களிலும் தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும் இவை வெளிவருகின்றன. வடிவம் யாவரும் அறிந்ததே. புயலின் நாளும் வேகமும் முதலில் வரும். இத்தனை குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, பாய், போர்வை, பாத்திரம் வழங்கப்பட்டன என்னும் பட்டியல் அடுத்து வரும். பேராயர் அல்லது தலைவர் பொருளை நீட்ட, ஒரு மூதாட்டி இரு கைகளாலும் பெறும் படம் வரும். இறுதியில் கொடுத்தோருக்கு நன்றி.

இவ்வறிக்கைகளின் இலக்கணமே ஒரு சான்று. இவற்றில் மக்கள் நான்காம் வேற்றுமையிலேயே வருகிறார்கள்: குடும்பங்களுக்கு, விதவைகளுக்கு, பயனாளிகளுக்கு. அவர்கள் எழுவாயாக வருவதில்லை. எழுவாய் திருச்சபையாக இருக்கும். அல்லது "வழங்கப்பட்டது" என்னும் செயப்பாட்டு வினைக்குள் மறைந்திருக்கும். பயனாளி என்னும் சொல்லே பெறுவதன்றி வேறு வினை இல்லாத ஒருவரைப் படைக்கிறது. ஆனால் வெள்ளத்தின் முதல் இரவில் அண்டை வீட்டுக் குழந்தையைத் தோளில் தூக்கி மேட்டில் ஏற்றியவர், உடைந்த கரையில் மணல்மூட்டை அடுக்கியவர், பள்ளிக் கூடத்தில் நூறு பேருக்குக் கஞ்சி காய்ச்சியவர் யார்? அவ்வூர் மக்களே. வெளியிலிருந்து வண்டி வருமுன் அவர்களே துயர்துடைத்தார்கள். அறிக்கையில் அவர்களுக்கு வினை இல்லை.

இரண்டாவதாக, காலம். அறிக்கையின் வினைமுற்றுகள் எல்லாம் இறந்தகாலம். பொருள் வழங்கப்பட்ட அன்றே பணி முற்றுப்பெற்றது. அடுத்த ஆனி வரை நீளும் துயருக்கு அந்த அறிக்கையில் ஒரு பத்தியும் இல்லை.

மூன்றாவதாக, பட்டியல். நம் பட்டியல்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் அரசுப் பட்டியலையும் குடும்ப அட்டையையும் ஊர்ப் பெரியவர் சொல்லையும் ஒட்டியே அவை எழுதப்படுகின்றன. அரசின் பயிர் நிவாரணம் நிலத்தை அளந்து தரப்படுவது. சேதம் 33 விழுக்காட்டை எட்டினால் எக்டேருக்கு இவ்வளவு என்பது அதன் முறை. 2015க்கு முன் இவ்வரம்பு 50 விழுக்காடாக இருந்தது. சிட்டாவும் அடங்கலும் இல்லாதவர் அக்கணக்கில் இல்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இலேயே சட்டம் இயற்றப்பட்டும், வாய்மொழிக் குத்தகை மறையவில்லை. கஜா புயலின்போது, வீழ்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும் அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. தென்னை எண்ணப்பட்டது நன்று. ஆனால் அந்தக் கணக்கில் காய் பறிப்பவர் இல்லை, மட்டை உரிப்பவர் இல்லை, கீற்று முடையும் பெண் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது வீட்டுக்குரிய பொது உதவி. பல்லாண்டுக்கு இழந்த வேலைக்கு ஈடன்று. அரசு நிலத்தைக் கொண்டு எண்ணுவதற்கு நிர்வாகக் காரணம் இருக்கலாம். திருச்சபையும் அதே அளவுகோலை எடுத்துக்கொள்ள இறையியற் காரணம் யாதொன்றும் இல்லை.

இவ்வளவுகோலுக்குப் பின்னால் சாதி நிற்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். படுகையில் தாழ்ந்த நிலம் எது, அங்கே குடியிருப்பவர் யார் என்று கேட்டால் இரண்டுக்கும் விடை பெரும்பாலும் ஒரே தெருவைக் காட்டும். வாய்க்கால் ஓரத்திலும் வயல் நடுவிலும் தலித் மக்களின் குடியிருப்புகள் அமைந்தது இயற்கையின் செயலன்று. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் உதவி குவிந்தது. ஆனால் படகிழந்தோர் கண்ணுக்குத் தெரிந்த அளவு, உப்புநீர் ஏறிய வயல்களில் வேலையிழந்த தலித் தொழிலாளர் தெரியவில்லை. உதவியில் அவர்கள் புறக்கணிக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் 2005இலேயே பதிவு செய்தன. 1968 டிசம்பர் 25 இரவு, கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதும் நெற்கூலியைப் பற்றிய வழக்கிலேயே. இந்த மண்ணில் கூலி என்பது வெறும் பொருளியற் செய்தியன்று. கூலியை எண்ணாத துயர்துடைப்பு, இந்த மண்ணின் காயத்தின்மேல் பாய் விரித்து மூடுவதேயாகும்.

3. சுவார்ட்ஸ் ஐயரின் சான்று

இப்பகுதியில் கிறிஸ்தவத் துயர்துடைப்பின் வரலாறு எழுதுவோர் சுவார்ட்ஸ் ஐயரிடம் தொடங்குவது மரபு. 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, திருச்சியில் பணிபுரிந்து, 1778 முதல் தஞ்சையில் தங்கி, 1798இல் அங்கேயே உயிர்துறந்தவர் அவர். ஐதர் அலியின் படையெடுப்பால் 1781ஐ அடுத்த ஆண்டுகளில் தஞ்சைக் கோட்டை பட்டினியால் வாடியது. விலை மலிந்திருந்த காலத்திலேயே அரிசி வாங்கிச் சேமித்து வைத்திருந்தமையால் சுவார்ட்ஸ் பலரைக் காக்க முடிந்தது. இதுவே நம் பிரசங்கங்களில் எடுத்தாளப்படுவது.

ஆனால் இதனினும் ஆழ்ந்த செய்தி ஒன்று உண்டு. கோட்டைக்கு வெளியே நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கொணர மாடுகள் வேண்டியிருந்தன. மக்கள் கொண்டுவர மறுத்தனர். முன்பு கொண்டுவந்தபோது அவர்களுக்கு உரிய விலை தரப்படவில்லை, பறிக்கப்பட்டது. அரசரின் வாக்கையும் கும்பினியாரின் வாக்கையும் அவர்கள் நம்பவில்லை. சுவார்ட்ஸ் தம் வாக்கைப் பிணையாகத் தந்தார். ஓரிரு நாள்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்தன. சிறிது காலத்தில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. அவர் சொன்னபடியே யாவருக்கும் பணம் கொடுத்துத் தீர்த்தார். சில ஆண்டுகள் கழித்து, அதிகாரிகளின் கொடுமை தாளாது குடியானவர்கள் ஊரைவிட்டு ஓடியபோதும், அவர் சொல்லை நம்பி ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர். விதைப்புப் பருவம் தவறிய நிலையிலும் இரவுபகலாக உழைத்துப் பயிரேற்றினர்.

இங்கு நடந்தது யாது? பஞ்சத்தின் வேர், நெல் இன்மையைக் காட்டிலும் கொடுக்க வேண்டிய கூலியையும் விலையையும் கொடாமையில் இருந்தது. சுவார்ட்ஸ் அதைக் கண்டார். அவர் கொடைஞராக மட்டும் நிற்கவில்லை, பிணையாளியாக நின்றார். அடகை மீட்பவர் செய்வதும் இதுவே. தஞ்சைக் கோட்டையிலுள்ள அவர் பெயரிய ஆலயத்தில் ஃப்ளாக்ஸ்மன் வடித்த பளிங்குச் சிற்பம், சாகும் ஐயரின் படுக்கையருகே சரபோஜி மன்னர் நிற்பதைக் காட்டுகிறது. அரசர் நண்பராக அவரை நினைவுகூர்வது தவறன்று. ஆயினும் வண்டிமாடு ஓட்டி வந்த அந்தக் குடியானவர்கள் அச்சிற்பத்தில் இல்லை. நம் நினைவிலும் இல்லை.

அவருடைய எல்லையையும் கூறுதல் நேர்மை. குடியானவருக்கு விலை கிடைக்கச் செய்த அதே பணியின் ஆலயத்தில், சாதியால் பிரிந்து அமரும் வழக்கம் நீடித்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் அதை நீக்க ஆணையிட்டபோது தஞ்சைச் சபையில் பெரும் பிளவு எழுந்தது. பந்தியில் பிரிந்தவர்கள் பட்டியலிலும் பிரிவார்கள் என்பதை நாம் இன்றும் காண்கிறோம்.

4. ரூத்து நூலின் இரு பகுதிகள்

வெள்ளத்தைப் பற்றிப் பிரசங்கிக்க நேர்ந்தால் நாம் நோவாவிடம் செல்கிறோம். படுகையின் மக்களுக்கு ரூத்து நூல் இன்னும் அணுக்கமானது என்பது நம் எண்ணம். அதன் தொடக்கம் பஞ்சம். இடம் நெல்லுக்கு ஒத்த வாற்கோதுமை, கோதுமை விளையும் ஊர். மாந்தர் நிலத்தை இழந்த ஒரு கைம்பெண்ணும், கூலிக்கும் வழியற்ற அயல்நாட்டு மருமகளும்.

இந்நூலில் துயர்துடைப்பு இரு கட்டங்களாக நடைபெறுகிறது. இரண்டாம் அதிகாரத்தில் ரூத்து கதிர் பொறுக்குகிறாள். போவாஸ் தன் வேலையாள்களிடம் அவளைத் தடுக்கவேண்டாம் என்றும், வேண்டுமென்றே சில அரிகளைச் சிந்தவிடுமாறும் சொல்கிறான். இது நிவாரணம், கனிவான நிவாரணம். அவள் அன்றைய உணவைக் கொண்டு வீடு செல்கிறாள். நூல் இங்கே முடிந்திருந்தால் அது நம் அறிக்கைகளைப் போன்ற ஒரு நூலாகியிருக்கும்: கொடையாளி உண்டு, பயனாளி உண்டு, பொருளின் அளவும் உண்டு. ஆனால் வாற்கோதுமை அறுப்பும் கோதுமை அறுப்பும் முடிந்தபின் என்ன செய்வது என்னும் வினா எஞ்சுகிறது. படுகையில் மாசிக்குப் பின் எழும் வினாவும் அதுவே.

அவ்வினாவுக்கு விடை நான்காம் அதிகாரத்தில் ஊர்வாசலில் கிடைக்கிறது. நகோமியின் வயலை மீட்பது யார் என்பதே அங்கே வழக்கு. எபிரெயத்தில் கோஏல் எனப்படுபவன், நம் பழைய மொழிபெயர்ப்பில் சுதந்தரவாளி எனப்படுபவன், லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தின்படி வறுமையுற்ற உறவினனின் நிலத்தை மீட்டுத் தரவேண்டியவன். கடவுளையே மீட்பர் என்று ஏசாயா அழைக்கும் இடங்களிலும் வருவது இதே சொல். ஆகவே மீட்பு என்பது முதலில் ஆலயத்துச் சொல்லாயிருந்து பின்பு நிலத்துக்கு இறங்கி வந்ததன்று. நிலத்திலிருந்து ஆலயத்துக்கு ஏறிய சொல். தஞ்சைச் சிற்றூர்ப் பெண் அடகுக் கடை வாசலில் வழங்கும் பொருளே வேதாகமப் பொருளுக்கு அணுக்கமானது.

நெருங்கிய உரிமையாளன் அங்கே என்ன செய்தான் என்பதும் நோக்கத்தக்கது. வயலை வாங்க அவன் முதலில் இசைந்தான். அதனோடு அக்குடும்பத்தின் பொறுப்பும் வரும், அதனால் தன் சொந்த உடைமைக்குக் கேடு நேரும் என்றறிந்ததும் விலகிக்கொண்டான். அவனைத் தீயவன் என்று நூல் சொல்லவில்லை. அவன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. தன் உடைமைக்குக் கேடு வராத அளவுக்கு மட்டும் உதவ முன்வரும் எவருக்கும் அப்பெயரின்மை ஓர் எச்சரிக்கை. மிஷன் காலத்திலிருந்து நிலமும் கட்டடமும் பெற்றுள்ள திருச்சபைகள் இந்த இடத்தை மெல்லக் கடந்து செல்லலாகாது.

ரூத்து இந்நூலில் நான்காம் வேற்றுமையில் நிற்பவளல்லள் என்பதையும் கவனிக்க. கதிர் பொறுக்கப் போவேன் என்று முடிவு செய்பவள் அவள். களத்துக்குச் சென்று உரிமையை நினைவூட்டிக் கேட்பவளும் அவளே. மீட்பின் வினை அவளிடம் தொடங்குகிறது.

நெகேமியா 5ஆம் அதிகாரம் இதனை மேலும் கூர்மையாக்கும். தானியப் பஞ்சத்தில் மக்கள் வயலையும் வீட்டையும் அடகு வைத்து, இறுதியில் பிள்ளைகளையும் அடிமைப்படுத்தியதாக முறையிடுகிறார்கள். நெகேமியா மேலும் தானியம் வழங்குவதோடு நிற்கவில்லை. அடகுவைத்தவற்றை அன்றே திருப்பிக் கொடுக்கும்படி கேட்டார். கடன் கொடுத்தோர் வரிசையில் தம்மையும் தம் சகோதரரையும் சேர்த்தே பேசினார்.

5. எழக்கூடிய மறுப்புகள்

மூன்று மறுப்புகள் எழலாம். அவற்றை நேர்மையுடன் எதிர்கொள்ளவேண்டும்.

முதலாவது, உயிர்காக்கும் அவசரத்தில் கூலிக் கணக்குப் பார்க்க நேரமேது என்பது. மெய்தான். முதற்கிழமையில் அரிசியும் குடிநீருமே வேண்டும். நாம் கேட்பது முதற்கிழமையைப் பற்றியன்று, முப்பதாம் கிழமையைப் பற்றி. அவசரம் தணிந்த பின்னும் அவசர முறையையே தொடர்வதுதான் குறை.

இரண்டாவது, கொடைப்பணம் குறித்த காலத்துக்குள் குறித்த பொருளுக்கே செலவிடப்படவேண்டும். அயல்நாட்டு நன்கொடைச் சட்டமும் 2020 திருத்தத்துக்குப் பின் இறுகிவிட்டது என்பது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20ஆகக் குறைந்ததும், பெற்ற நிதியை வேறு அமைப்புக்கு மாற்றலாகாது என்றானதும் உண்மை. ஆனால் இவை அயல்நிதிக்கே பொருந்தும். படுகையின் சபைகள் ஒவ்வொன்றிலும் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை நடைபெறுகிறது. நெல் மூட்டையும் சேவலும் ஏலம் போகின்றன. அக்காணிக்கையில் ஒரு பங்கை வெள்ள ஆண்டுக்கென ஒதுக்கி வைக்க எந்தச் சட்டமும் தடையன்று. அந்தியோகியாவின் சீடர்கள், பஞ்சம் வரும் என்று அகபு அறிவித்ததுமே யூதேயாவின் சகோதரருக்கு அவரவர் திராணிக்குத் தக்கபடி உதவி அனுப்பத் தீர்மானித்தனர். இங்கே நமக்கு அகபு வேண்டியதில்லை. கார்த்திகையில் வெள்ளம் வரும் என்பது நாட்காட்டியே அறிவிக்கும் செய்தி.

மூன்றாவது, மதமாற்ற நோக்கம் என்னும் பழி வருமே என்பது. பொருள் வழங்குவதைவிடக் கடனில் தலையிடுவது இப்பழியை மிகுவிக்கும் என்று அஞ்சுவோர் உண்டு. இதற்கு மருந்து வெளிப்படைமையே. யாருக்கு, எந்த அளவில், எக்காரணத்தால் என்பது ஊர் கூடிய இடத்தில் படிக்கப்படட்டும். ரூத்து நூலில் மீட்பு நடைபெற்றது பின்வாசலில் அன்று, பத்து மூப்பர் அமர்ந்த ஊர்வாசலில். கொரிந்தியருக்குப் பவுலடியார் எழுதிய இரண்டாம் நிருபத்தில் காணிக்கையைக் கொண்டுசெல்லச் சபைகள் தேர்ந்தெடுத்த ஆளைத் துணைக்கு வைத்ததும் இத்தகைய பழிக்கு இடம்கொடாமைக்கே. அவ்வதிகாரத்திலேயே உதவியின் இலக்கைச் சமநிலை என்று அவர் சொல்கிறார் என்பதையும் நினைவிற்கொள்வோம்.

6. செய்யத்தக்கன

இத்திறனாய்வு செயலாகாவிடில் பயனில்லை. எனவே சில கூறுகிறோம்.

பட்டியல் எழுதும் முறை முதலில் மாறவேண்டும். வீட்டுக்கு என்ன சேதம் என்று கேட்பதோடு, எத்தனை நாள் வேலை போயிற்று, யாரிடம் எதை அடகு வைத்தீர், எத்தனை வட்டிக்கு என்று கேட்கவேண்டும். இதைக் கேட்கவேண்டியவர் வெளியூர் அலுவலரல்லர். அத்தெருவின் பெண்களே கூடி எழுதவேண்டும். எவர் தோடு எந்தக் கடையில் இருக்கிறது என்பதை அவர்கள் அறிவர்.

இழந்த நாளுக்கு ஈடு வேலைநாளே. வடிகால் வாய்க்காலில் மண்டிய காட்டாமணக்கை அகற்றுதல், கரை உயர்த்துதல், குடியிருப்பின் மேடு உயர்த்துதல் ஆகியவற்றுக்கு நியாயமான கூலி கொடுத்தால், கையேந்தாமல் கூலி வாங்கியவராக மக்கள் நிற்பர். அடுத்த வெள்ளமும் சில நாள் குறைவாக நிற்கும். நீர்வளத் துறையின் வாய்க்காலில் கைவைக்க அனுமதி வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவதும் ஆயர் பணியின் ஒரு பகுதியே.

வாய்மொழிக் குத்தகைதாரருக்கு விதையே உதவி. வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 போன்ற நெல் வகைகளும், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் குறுகிய வயது வகைகளும் இன்று உள்ளன. நீர் வடிந்த பத்து நாளுக்குள் விதை கைக்கு வந்தால் ஒரு பருவம் பிழைக்கும். ஒரு திங்கள் கழித்து வரும் பாய் அதைச் செய்யாது.

அடகை மீட்டலே இறுதிக்கட்டம். 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன்களைத் தகுதியுள்ளோருக்குத் தள்ளுபடி செய்ய அரசு முடிவு செய்தது. தனியார் கடையில் வைத்தவருக்கு அது பயன்படவில்லை. மகளிர் குழுக்களின்வழிச் சுழல்நிதி ஒன்றை அமைத்து, தனியார் கடையில் உள்ளதை வட்டியின்றி மீட்கச் செய்யலாம். இது புதுமையன்று. கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981இல் தொடங்கிய லாஃப்டி இயக்கம், கீழ்வெண்மணி கண்ட அதே மண்ணில், நிலவுடைமையாளரோடு பேசி, கடன் ஏற்பாடு செய்து, நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஒரு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரிலே நிலம் வாங்கித் தந்தது. காந்திய வழியினர் ஊர்வாசலில் அமர்ந்து செய்த கோஏல் பணி அது. அவர்களிடம் கற்றுக்கொள்வதில் திருச்சபைக்கு இழிவு இல்லை.

இறுதியாக, அறிக்கை. வெள்ளம் வடிந்து ஓராண்டு கழித்து இரண்டாம் அறிக்கை ஒன்று எழுதப்படவேண்டும். அதில் வழங்கிய பொருளின் பட்டியல் தேவையில்லை. எத்தனை குடும்பங்கள் ஊரைவிட்டுத் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலை தேடிச் சென்றன, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பவில்லை, எத்தனை அடகுகள் மீண்டன என்னும் மூன்று கேள்விகளுக்கு விடையிருந்தால் போதும். இறையியற் கல்லூரிகளின் களப்பணிக் காலத்தில் மாணவர்கள் இதனைச் செய்யலாம். வெள்ளத்தின் பத்தாம் நாளில் அவர்களை அனுப்புகிறோம். முந்நூறாம் நாளிலும் அனுப்புவோம்.

முடிவுரை

காசா போன்ற பொது அமைப்புகளும், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும், தென்னிந்தியத் திருச்சபையும், இவற்றின் சிற்றூர்ச் சபைகளும் பேரிடர்க் காலங்களில் தோள்கொடுத்து வந்துள்ளன. அப்பணி நிற்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. பாதியில் நிற்கலாகாது என்றே கூறுகிறோம். கதிர் பொறுக்க இடம் கொடுத்தோம். ஊர்வாசலுக்கு இன்னும் வரவில்லை. பலிபீடத்தின் முன் நின்று மீட்பர் என்று நாம் உரைக்கும்போது, காதில் தோடில்லாத ஒரு பெண் பின்வரிசைப் பாயில் அமர்ந்து அச்சொல்லைக் கேட்கிறாள். அச்சொல்லுக்கு அவள் அறிந்த பொருளை நாமும் அறிந்து பேசுவோமானால், நம் பிரசங்கமும் நம் நிவாரணமும் ஒரே செய்தியைச் சொல்லும்.